யானை படலை கட்டாது

முதலாவது யோகமலர்.
நொச்சிமுறிப்பு, வாய்க்கால் கரை, மூன்றாம் ஒழுங்கை.
கணவன் பெயருக்கு நேரே
"இல்லை" என்று எழுதினார் பொலிஸ்காரர்.
"காணேல்லை" என்றாள் தங்கச்சிக்காரி.
இரண்டும் ஒன்றல்ல என்று
நான் சிங்களத்தில் சொன்னேன்.
கட்டம் சின்னது, போதும் என்றார்.

கிளிநொச்சி நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளன் நான்.
தமிழில் அழுவதை
முற்றுப்புள்ளி வைத்துச் சிங்களத்தில் கொடுப்பவன்.

இரண்டாவது கொறற்றி, கச்சான் விற்றவள்.
மாரிக்குக் கொஞ்சம் முன்னம்.
தகப்பன் கூண்டில் ஏறிச் சொன்ன முதல் வசனம்
மகளைப் பற்றியதல்ல.
"ஐயா, படலை கட்டிக் கிடந்தது."
வெளிப்பக்கமாக.
கம்பிவளையத்துக்குள் கயிறு இரண்டு சுற்று,
ஒரு சுருக்கு, நுனி உள்ளே செருகி,
ஆடு மாடு போகாதபடிக்கு.
அன்றுதான் கத்தரிக்கன்று நட்டிருந்தாளாம்.

படலையை நான் "கடுல்ல" என்றேன்.
நீதவான் தலையசைத்தார்.
முடிச்சுக்கு நான் கொடுத்த சொல்லில்
சுருக்கு விழவில்லை.

செல்வநாயகிக்கும் அப்படியே.
பழைய கோவையை எடுத்து நான்தான் காட்டினேன்:
வெளிப்பக்கம், இரண்டு சுற்று, நுனி உள்ளே.
மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது
என்றார்கள்.
உண்மைதான். கிடையாது.

செத்தவீட்டில் அவளுடைய தாய்
என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்,
"இவளுக்கெண்டாலும் ஒரு பெட்டி கிடைச்சுது, தம்பி.
மூத்தவனுக்கு அதுவும் இல்லை."
அதற்கு எந்த மொழியிலும்
என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஊரில் ஆமிக்காரன் என்றார்கள்.
பொலிஸில் ஊரவன் என்றார்கள்.
இரண்டு பக்கமும்
இரவில் கண்ணயர ஒரு ஆள் வேண்டியிருந்தது.
பத்திரிகை வழக்கம்போல
"இனந்தெரியாத நபர்."
பழைய சொல். எங்கள் எல்லாருக்கும் பழக்கமான சொல்.
முன்பு அது மோட்டார்சைக்கிளில் வரும்,
வெள்ளை வானில் வரும்,
யாரென்று தெரிந்தபடியால்தான்
இனந்தெரியாது என்று எழுதுவார்கள்.
இவன் நடந்து வந்தவன்.
கத்தரிக்கன்றுக்கு இரங்கியவன்.
முதல் தடவையாக அந்தச் சொல்
சொன்னதையே சொன்னது.

நாலாவதை யானை அடித்ததாம்.
ஆனி மாதம், காட்டோர வளவு, பாலைப்பழக் காலம்.
இழப்பீட்டுப் படிவமும் வந்தது.
திலகேஸ்வரி. நாற்பத்தொன்று.
மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.
படிவத்தை முழுக்க வாசித்துவிட்டு,
பொலிஸ்காரரை விட்டு
என்னைப் பார்த்துக் கேட்டான்:
"யானை படலை கட்டுமோ?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது என்று
எனக்கே ஒரு நியாயம் சொன்னேன்.
பெடியன் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு கையெழுத்து வைத்தான்.

அதோடு நின்றுவிட்டது.
ஏனென்று ஒருவருக்கும் தெரியாது.
செத்திருப்பான். கனடா போயிருப்பான்.
கலியாணம் கட்டிப் பிள்ளையைப்
பள்ளிக்கூடத்தில் ஏற்றி இறக்குவான்.
பொங்கலன்று கோயிலில், வரிசையில்,
என் இலையில் பருப்பு ஊற்றிக்கொண்டு
"இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று
கேட்டவனாகவும் இருக்கலாம்.
நான் போதும் என்று கை மறித்தேன்.
முகத்தைப் பார்க்கவில்லை.

போன கிழமை காணி அலுவலாக நொச்சிமுறிப்புக்குப் போனேன்.
மூன்றாம் ஒழுங்கையில் பதினொரு படலை.
சைக்கிளை உருட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
இரண்டு சுற்று, ஒரு சுருக்கு, நுனி உள்ளே.
பதினொன்றும்.
வேறு விதமாய் எவருக்கும் கட்டத் தெரியாது.

அன்று பொழுதுபட என் வீட்டுப் படலையில்
கை தன்பாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியது.
சுருக்குப் போட்டது.
நுனியைப் பிடித்தபடி நின்றேன்,
மனுசி உள்ளே இருந்து கூப்பிடும் வரைக்கும்.
பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து
கயிற்றை வேலியில் போட்டுவிட்டு வந்தேன்.

விடியப் பார்த்தால்
அயல்வீட்டு மாடு
கீரைப்பாத்தி முழுவதையும் தின்றிருந்தது.